வண்ணக்கர் வீட்டு வயிற்று வழக்கு

களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் உதயரூபன் மாஸ்டரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. ஆள் அடிக்க மாட்டார், ஏச மாட்டார், பொலிசுக்கும் போக மாட்டார். எதற்கும் தலையாட்டி "ஓம்" என்பார். அந்த ஓமுக்குத்தான் பயம்.

ஒருமுறை பக்கத்தில் ரியூசன் வகுப்பு நடத்தும் ரியூட்டரிக்காரர், "உதயன் மாஸ்டருக்குக் கதைதான் தெரியும், பாடம் தெரியா" என்று சொல்லித் திரிந்தார். மாஸ்டர் மறுக்கவில்லை. தன்னிடம் பிள்ளை சேர்க்க வந்த பெற்றோரில், தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையோடு வந்தவர்களை மட்டும், "ஓம், அவர்தான் கெட்டிக்காரர், என்னால ஏலா, அங்கயே சேருங்க" என்று கைகூப்பி அனுப்பிவைத்தார். பரீட்சைப் பெறுபேறு வந்தது. அந்த ரியூட்டரிக் கொட்டிலில் இப்போது சீமெந்து மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

அவர் கிரேக்கம் படித்ததும் இந்தக் குணத்தினால்தான். மருத்துவபீடம் மயிரிழையில் தவறிப்போன வயதில், டொக்டர்மார் வாயில் புழங்கும் சொற்கள் எந்த வீட்டுச் சொற்கள் என்று பார்த்துவிடுவோம் என்ற வன்மத்தோடு, புளியந்தீவில் ஒரு பழைய புத்தகக் குவியலிலிருந்து மட்டை கிழிந்த கிரேக்க இலக்கணம் ஒன்றை எடுத்துவந்தார். பழி தீர்ப்பதற்காக ஒரு மொழியையே படித்து முடித்த மனிதர் இந்த வாவிக்கரையில் வேறு இருந்தால் அறியத்தரவும். டொக்டர்மாருக்கு இதனால் ஒரு தலையிடியும் வந்ததாகத் தெரியவில்லை. தலையிடி பிள்ளைகளுக்கு வந்தது.

"கஸ்டேர்," என்று கரும்பலகையில் எழுதுவார். "வயிறு. கஸ்ட்ரொஸ், வயித்தின்ட. கஸ்ட்ரி, வயித்துக்கு. கஸ்டெரா, வயித்த. உங்கட அம்மாமாருக்கு கேஸ்ட்ரிக் என்டு மருந்து எழுதிக் குடுக்கிறாங்களே, அது இந்த வயிறுதான். நத்தைய கஸ்ட்ரோபொட் என்டு சொல்லுறதும் இதாலதான், அது வயித்தால நடக்குது. கெண்டைக்கால் தசைக்கும் இந்தச் சொல்லுதான். அது காலுக்கு வயிறு."

"சேர், இது சோதினையில வருமா?" என்று முன்வாங்கு ஷஸ்னா கேட்பாள்.

"வராது."

"அப்ப ஏன் சேர் எங்கட உசிர எடுக்கிறீங்க?"

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கஸ்டட் சேர்'. அதற்கும் ஓம்தான்.

அந்தச் சொல்லில் அவர் சொக்கிப்போனதற்குக் காரணம் இருந்தது. கிரேக்கனுக்கும் மட்டக்களப்பானுக்கும் வயிறு என்றால் ஒன்று போதாது. சோறு போகும் இடமும் வயிறு, பிள்ளை கிடக்கும் இடமும் வயிறு. ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி என்றால் நாம் 'வயித்தில இருக்கு' என்கிறோம். அவர்களும் 'கஸ்ட்ரியில் வைத்திருக்கிறாள்' என்றுதான் எழுதினார்கள். பானையின் புடைப்புக்கும் அதே சொல். ஆட்டின் இரைப்பைக்குள் கொழுப்பும் இரத்தமும் அடைத்து நெருப்பில் வாட்டுவார்களாம், அந்தச் சாப்பாட்டுக்கும் அதே சொல். ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமானால் 'நீ வெறும் வயிறு' என்றால் போதும்: தின்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவன் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுவார். கிரேக்கத்தில் தகப்பன், தாய், மகள், வயிறு, இந்த நாலு சொல்லும் வேற்றுமையில் ஒரே அச்சில் வளையும். பட்டேர் பட்ரொஸ் என்றால் கஸ்டேர் கஸ்ட்ரொஸ். வயிறு பெண்பால்தான், ஆனாலும் தகப்பனைப்போலவே உருமாறும். மகன் என்ற சொல் மட்டும் இந்த வீட்டுக்குள் இல்லை. அவன் வேறெங்கேயோ வளைகிறான்.

மகன் வேறெங்கேயோ என்பது நமக்கும் புதினமில்லை. இந்தப் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி, தாயின் குலம். வீடு வளவு மகளுக்குப் போகும். மகன் கலியாணம் முடித்துப் பெண்டாட்டி வீட்டில் போய் இருப்பான். ஒரு தாயின் வயிற்றிலிருந்து பெண்வழியாக இறங்கிவரும் கிளைக்கு 'வயிற்றுவார்' என்றே பெயர். கோயில் உரிமையும் அந்த வழியில்தான் நடக்கிறது. கோயிலைப் பொறுப்பாக நடத்துகிற வண்ணக்கர் ஒருவர் இறங்கினால், அவருடைய மகனுக்கு ஒன்றுமில்லை. சகோதரியின் மகனுக்குத்தான் அந்த இடம்.

மண்டூர்ப் பக்கம், வாவியோரத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். ஊர்ப்பெயரும் குடிப்பெயரும் வேண்டாம். அங்கே வண்ணக்கர் இளையதம்பி. அவருடைய ஒரே சகோதரி, மூத்தவர், அன்னப்பூரணி. அன்னப்பூரணியின் ஒரே மகன் நம்முடைய மாஸ்டர். கணக்கு நேரானது. இளையதம்பிக்கு முழங்கால் மடங்காமல் போய், வரும் திருவிழாவோடு இறங்கப்போவதாகச் சொன்னதும், அன்னப்பூரணி மகனுக்குப் பட்டு வேட்டிகூட எடுத்துவைத்துவிட்டார்.

இளையதம்பிக்கும் ஒரு மகன் இருந்தான். பிரதீஸ். கொழும்பில் கம்பனி வேலை. திருவிழாவுக்கு வந்தால் பிள்ளையாரைவிட அதிகமாக அவனைத்தான் படம் பிடிப்பார்கள்; பிடிப்பவனும் அவன்தான்.

அக்காவிடம் விசயத்தைச் சொல்ல இளையதம்பி ஒரு மத்தியானம் வந்தார். சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வந்தார். வாவி நண்டு, முருங்கையிலை போட்ட குழம்பு. மூன்றாம் தரம் சோறு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"அக்கா, பிரதீசத்தான் வைக்கப்போறன்."

அன்னப்பூரணிக்குக் கையில் அகப்பை நின்றது. "அவன் மச்சாள்ட குடியெல்லோ. எங்கட வயித்துவாருக்க அவன் எப்பிடி வருவான்?"

"வயிறு வயிறு என்டு இன்னும் எத்தின காலத்துக்கு? என்ட ரெத்தம் அவன்."

"அப்ப உதயன்? நான் அவனப் பெத்தது?"

இளையதம்பி நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சினார். "பெத்தாய்தான். ஆரு இல்ல என்டது? நீ வயிறு அக்கா, வெறும் வயிறு. சுமந்தாய், இறக்கினாய். உன்ட வேல அதோட முடிஞ்சிது. கோயில் கதைக்க வராத. குழம்பு ஊத்து."

தாய் இறந்த நாளிலிருந்து அவருக்குக் குழம்பு ஊற்றி வளர்த்தது அந்த அக்காதான். அன்றைக்கும் ஊற்றினார். பாதி சோற்றுக் கோப்பையிலும் பாதி பாயிலும் விழுந்தது.

மாஸ்டர் எதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டியில் மிஞ்சியிருந்த பெரிய நண்டை எடுத்து மாமாவின் கோப்பையில் வைத்தார்.

"சாப்பிடுங்க மாமா," என்றார்.

மாமா போனபிறகு தாய் கேட்டார்: "ஒரு சொல்லுச் சொன்னியா மனே? உன்ட தாய வயிறு என்டு சொல்லுறான், நீ நண்டு வைக்கிறாய்!"

"வைக்கத்தானே வேணும் அம்மா. வயிறு ஆருக்கு இரிக்கு என்டு பாத்தனான்."

"எனக்கு அந்த வண்ணக்கர் கதிர வேணும். உன்னை அதில இருத்திப் பாத்திட்டுத்தான் சாவன்."

மாஸ்டர் இதற்கு மட்டும் ஓம் சொல்லவில்லை. அன்னப்பூரணி அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து மாஸ்டர் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு மாமா வீட்டுக்குப் போனார். மாமா வீடென்றால் மாமியுடைய வீடு. இளையதம்பி முன்விறாந்தையில் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பழத்தை மணந்து பார்த்தார்.

"என்ன மருமகன், பொலிடோல் கிலிடோல் அடிச்சிரிக்கா?"

"சீ, என்ன மாமா. நான் உங்கட பக்கம் கதைக்க வந்த."

"என்ட பக்கமா? தாய்க்குத் தெரியுமா?"

"தெரியா. எனக்கு ரியூசனும் கோயிலும் ரெண்டும் ஏலா மாமா. பிரதீஸ் படிச்ச பொடியன், நாலு பேரத் தெரிஞ்சவன். செய்யட்டும்."

இளையதம்பி எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டு ஒரு பழத்தை உரித்தார். நம்பினார் என்று சொல்ல முடியாது. ஆனால் பழம் நன்றாக இருந்தது.

"ஒரு சிக்கல்தான்," என்றார் மாஸ்டர். "சபையில நிலோஜன் மாதிரி ஆக்கள் இரிக்காங்க. புது வழக்கம் என்டு நீங்க வாயத் திறந்தா, 'புதுசு ஒண்டும் இஞ்ச நடக்கா' என்டு எழும்பிருவாங்க."

"அதுதான் எனக்கும் யோசின."

"புதுசு என்டு ஏன் சொல்லுறீங்க? ஆதி வழக்கமே தகப்பன் வழிதான் என்டு சொல்லுங்க. இந்த வயித்து வழி இடையில ஆரோ நுழைச்சது. பழசத் திருப்பி எடுக்கிறன் என்டு கர்ப்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணினா, ஆரு மறுப்பான்?"

இளையதம்பி வாயிலிருந்த பழத்தை மெல்லுவதை நிறுத்தினார். இந்தக் கோயிலில் கர்ப்பூரத்தின் மேல் அடித்துச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தவன் இல்லை. ஒருவன் எடுத்தானாம், அவனுடைய எருமைகள் எல்லாம் வாவிக்குள் போய்த் திரும்பவில்லை என்று ஒரு கதை உண்டு. எருமை இல்லாதவர்களும் அதற்குப் பயப்படுகிறார்கள்.

"படிச்சவன் படிச்சவன்தான்," என்றார். "அந்தக் கிரேக்கத்தில இதுக்கு ஏதும் கிடக்கா? எடுத்துவிட்டா வாயப் பொளப்பானுகள்."

மாஸ்டர் சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார். கஸ்டேர், கஸ்ட்ரொஸ். வயிறு தகப்பனைப்போல வளையும். மாமா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மகன் என்ற சொல் அந்த வீட்டுக்குள் இல்லை என்ற செய்தியை மாஸ்டர் சொல்லவில்லை. மாமா கேட்கவுமில்லை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானப் பூசை முடிந்த கையோடு. குடித் தலைவர்கள் முன்னால், மற்றவர்கள் தூணுக்குத் தூண், பெண்கள் தெற்குப் பக்கம். வெளிநாட்டில் இருக்கிற ஊராருக்காக ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பேஸ்புக்கில் நேரலை விட்டார். பிரதீஸ் இடுப்பில் பெல்ட் கட்டிய புது வேட்டியோடு வந்து, முகம் தெரிகிற மாதிரி இருந்தான்.

இளையதம்பி எழுந்தார். பேச்சு நன்றாகவே இருந்தது என்று எதிரிகளும் ஒத்துக்கொள்கிறார்கள்.

"நான் புதுசா ஒண்டும் கொண்டரல்ல. ஆதியில இந்தக் கோயில் தகப்பன் வழிதான். ஆதி வழக்கம் அது! இடையில வந்ததுதான் இந்த வயித்துக் கணக்கு. கிரேக்க நாட்டிலயே பாருங்க, அவனுகள் வயித்துக்கு கஸ்டர் என்டு சொல்லுவானுகள். கஸ்டர், கஸ்ட்ரஸ்! அந்த வயிறு ஆரப் பாத்து வளையுது? தகப்பனப் பாத்து வளையுது! வெள்ளக்காரனுக்கு முதல் இருந்த சனத்துக்கே இது தெரிஞ்சிரிக்கு!"

சபை வாயைப் பிளந்தது. மருமகன் தலையாட்டினார். தெற்குப் பக்கத்தில் அன்னப்பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நிலோஜன் எழுந்து, "ஆதி வழக்கம் என்டா நாங்க மறிக்க ஏலா. ஆனா சத்தியம் வேணும்," என்றான்.

தட்டில் கர்ப்பூரம் எரிந்தது. இளையதம்பி முழங்கால் வலியையும் பாராமல் பிள்ளையாருக்கு முன் குனிந்து, நெருப்பின் மேல் கையடித்தார். "ஆதி முதல் தகப்பன் வழி. இதில பொய்யிருந்தா பிள்ளையார் கேக்கட்டும்." சபை 'அரோகரா' என்றது. முடிந்தது.

முடிந்த இடத்தில்தான் மாஸ்டர் எழுந்தார்.

"ஓம். நானும் ஏத்துக்கொள்ளுறன்," என்றார். "ஒரு சின்ன விளக்கம். மாமாக்கு முதல் வண்ணக்கரா இருந்தது ஆரு?"

"என்ன கேள்வி இது? என்ட மாமாதான். தாய்மாமன்," என்றார் இளையதம்பி.

"அவருக்கு மகன் இல்லையா?"

கோயில் முழுவதும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பியது. அங்கே, ஜெனரேற்றருக்குப் பக்கத்தில், கோணாமலை இருந்தார். தோணி எஞ்சின் திருத்துகிறவர். பழைய வண்ணக்கரின் ஒரே மகன். தாய் வேறு குடி என்பதால் இந்தக் கோயிலில் அவருக்கு இருந்த உரிமை ஜெனரேற்றரை முடுக்குவதுதான். இளையதம்பி அவரை, "மச்சான், மெசின் நிண்டிட்டு, உன்ட தகப்பன்ட கோயில் இருட்டாக் கிடக்கு" என்று திருவிழாதோறும் பகிடி பண்ணுவார். நல்ல பகிடி. எல்லோரும் சிரிப்பார்கள்.

"ஆதி முதல் தகப்பன் வழி என்டா," மாஸ்டர் வகுப்பெடுக்கும் குரலில் சொன்னார், "பழைய வண்ணக்கர் கண்ணை மூடினதும் கதிர அவர்ட மகனுக்கெல்லோ போயிரிக்க வேணும். மாமா இத்தின வருசமும் மாறி இருந்திட்டார். அவர்ட பிழையில்ல. வயித்துக் கணக்குக்காரர் செஞ்ச பிழை."

"டேய்!" இளையதம்பி எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. "இனிமேல்பட்டு என்டுதான் நான் சொன்ன!"

"இல்ல, ஆதி முதல் என்டுதான் சொன்னீங்க," என்றான் நிலோஜன். "கை இன்னும் கரியாக் கிடக்கு."

"கொமென்ட் வருது," என்றார் தொலைபேசி பிடித்தவர். "கோணாமலை அண்ணைக்கு வாழ்த்து என்டு சுவிசில இருந்து போட்டிரிக்காங்க."

கோணாமலை எழுந்து நின்றார். கிறீஸ் கையை எங்கே துடைப்பதென்று தெரியவில்லை. "எனக்கு ஒண்டும் வேணாங்கா. கறன்ட் போனா ஆரு மெசின் பாக்கிற?"

"பிரதீஸ் பாப்பான்," என்று யாரோ சொன்னார்கள். பிரதீஸ் தூணுக்குப் பின்னால் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தான்.

அடுத்த கேள்வியைச் சபையே கேட்டுக்கொண்டது. தகப்பன் வழி என்றால் மற்ற வீடுகளின் கதி என்ன? குடித் தலைவர்கள் குசுகுசுத்து ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். அதைப்போல விவேகமான தீர்ப்பை உயர் நீதிமன்றத்திலும் கேட்க முடியாது: கர்ப்பூரம் அடித்த வீட்டுக்குத்தான் ஆதி வழக்கம். மற்றவர்கள் எப்போதும்போல வயிற்று வழியிலேயே இருப்பார்கள். ஆகவே இளையதம்பியின் வீட்டார் இனி அவருடைய தகப்பன் குடியில் நின்றுதான் காளாஞ்சி வாங்க வேண்டும். பூசை முடிந்து வெற்றிலை, பழம், தேங்காயோடு தருகிற அந்த மரியாதை குடி வரிசைப்படி போகும். அந்தத் தகப்பன் குடி கடைசி வரிசை. அக்காவின் மகன் என்பதால் மாஸ்டரும் அதே வீட்டார்தான்; அவருடைய தகப்பன் கிரான் பக்கத்து ஆள். அவருடைய குடிக்கு இந்தக் கோயிலில் வரிசையே இல்லை.

"அப்ப உங்களுக்கு ஒண்டும் இல்ல சேர்," என்றான் நிலோஜன், கொஞ்சம் சங்கடத்தோடு.

"ஓம்," என்றார் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்ததும் அன்னப்பூரணி பட்டு வேட்டியை எடுத்து வீசினார். "உன்னை இருத்தச் சொன்னா நீ கோணாமலைய இருத்திட்டு வந்திரிக்காய்! எங்கட வயித்துவாரையே வெட்டிப்போட்டாய். உனக்கு விசரா?"

"மாமாட கதிரயில நான் இருந்தா மாமாக்கு அது தோல்வி இல்ல அம்மா. மருமகன் இரிக்கிறது வழமைதானே. மறுகாலும் வந்து இஞ்ச நண்டு திண்டிரிப்பார்."

"எனக்கு வேண்டினது அவன்ட தோல்வியில்ல. கதிர!"

"எனக்குத் தோல்விதான் வேண்டினது."

உண்மையைச் சொன்னதற்கு அவருக்குத் தண்டனை கிடைத்தது. தாய் சமைத்தார், உப்புப் போடவில்லை. மாஸ்டர் ஒவ்வொரு நாளும் அந்தச் சப்பென்ற சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, "நல்லாரிக்கு" என்றார். இது தாய்க்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. இரண்டு பேரும் ஒரே வயிற்றுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

திருவிழாவுக்கு அன்னப்பூரணி வரமாட்டேன் என்றார். கடைசி நேரத்தில் வந்தார். மாஸ்டர் உள்ளே போகவில்லை. வரிசை இல்லாதவர்கள் நிற்கும் மணலில், வெயிலில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றார். தாய் வந்து ஒரு முழம் தள்ளி நின்றார்.

முதல் காளாஞ்சி கோணாமலைக்குப் போனது. நகத்துக்குள் கறுப்பு இருந்தது, மற்றபடி வண்ணக்கர்தான். பிறகு ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இளையதம்பி தூணைப் பிடித்தபடி நின்றார். உட்கார்ந்தால் எழும்ப முடியாது, எழும்பாவிட்டால் இன்னும் கேவலம். பெயர்கள் போய்க்கொண்டேயிருந்தன. தட்டில் தேங்காய் முடிந்து, பாதிகளுக்கு வந்துவிட்டது. நல்ல பழமெல்லாம் போய், சீப்பின் அடியிலிருந்த நசுங்கல் மிஞ்சியது. சனம் பொங்கலுக்குப் போகாமல் நின்றது. பொங்கலைவிட இது ருசி.

"இளையதம்பி!" என்று கடைசியாக அழைத்தார்கள். வண்ணக்கர் என்ற சொல் முன்னால் இல்லாமல் அந்தப் பெயரை இந்தக் கோயில் கேட்டு நெடுங்காலம்.

அவர் வேறு யாரையோ அழைத்ததுபோல மேலே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோணாமலை பாதித் தேங்காயை நீட்டியபடி காத்திருந்தார். அழைத்தவர் தயங்கி, போகட்டும் என்று தட்டை இறக்கப் போனார்.

மணலில் ஒரு முழம் தள்ளி நின்ற அன்னப்பூரணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகனின் பக்கத்தில் வந்து நின்றார். முன்வாசல் வரை கேட்கிற குரலில் சொன்னார்:

"தம்பிக்குக் கேக்கல்ல போல. இன்னொருக்கா கூப்பிடுங்க."